கன்னியாகுமரி மாவட்ட நிர்வாகத்துக்கும் சுற்றுலாத் துறைக்கும் ஒரு திறந்த மடல்: அணை நீர்மட்டத்துக்குக் கீழே இன்னும் ஐந்து வரிகள்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும் சுற்றுலாத் துறை அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

நம் மாவட்டத்து நாளிதழ்களின் உள்ளூர்ப் பக்கத்தில், வெளியூர்க்காரர்கள் கண்டுகொள்ளாத ஒரு சிறிய கட்டம் வந்துகொண்டிருக்கிறது. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, சிற்றாறு ஒன்று, சிற்றாறு இரண்டு, மாம்பழத்துறையாறு, பொய்கை, முக்கடல் என்று அணைகளின் பெயர்களும், அன்று காலை ஒவ்வொன்றிலும் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்பதும் அதில் இருக்கும். நாஞ்சில் நாட்டில் வயல் வைத்திருந்தவர்களின் பிள்ளைகள், வயலை விற்று வீடு கட்டி முப்பது வருடம் ஆன பிறகும், அந்தக் கட்டத்தைப் பார்க்காமல் காப்பியை வாயில் வைப்பதில்லை. என் தகப்பனார் அப்படித்தான் இருந்தார். நானும் அப்படித்தான் இருக்கிறேன். அந்தக் கட்டத்தில் இன்னும் ஐந்து வரிகளைச் சேர்த்து, சாலையில் போகிறவர் கண்ணிலும் அது படும்படி வைக்க வேண்டும் என்று கேட்பதற்காகவே இம்மடலை எழுதுகிறேன்.

நான் நாகர்கோவிலில் வசிப்பவள். வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவள். பழைய கார் ஒன்று வைத்திருக்கிறேன், நானே ஓட்டுகிறேன். இந்த ஊரில் வீடும் காரும் வைத்திருக்கும் எல்லோரையும் போல, சம்பளம் இல்லாத சுற்றுலா வழிகாட்டியாகவும் இருக்கிறேன். சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் உறவினர்கள் விடிகாலை ரயிலில் வந்து இறங்குவார்கள். கையில் இரண்டு நாள்தான் இருக்கும். குமரிமுனையில் சூரியன் உதிப்பதையும் மறைவதையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். இடையில் உள்ள பன்னிரண்டு மணி நேரத்துக்கு அவர்களை எங்கே அழைத்துப் போவது என்பது மட்டும் எங்கள் தலையில் விழும். நல்ல வேளையாக, அதற்கு இந்த மாவட்டத்தைவிட வசதியான இடம் தமிழ்நாட்டில் குறைவு. 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலிருந்து பிரிந்து வந்து உருவான மாவட்டம் இது. கடற்கரை சுமார் 70 கி.மீ.; அதன் எந்த இடத்திலிருந்து உள்நோக்கிக் காரை விட்டாலும், தென்னந்தோப்பு, நெல்வயல், வாழை, ரப்பர், பிறகு காடு என்று நிலம் படிப்படியாக மாறிக்கொண்டே போகும். தோவாளையில் பூச்சந்தை கலைவதற்குள் பிச்சிப்பூ வாங்கிக்கொண்டு கிளம்பினால், மதியம் குலசேகரத்துக்கு மேலே ரப்பர் தோட்டத்தில், வேலியில் துணி காயப்போட்டதுபோல ரப்பர் ஷீட்டுகள் தொங்குவதைப் பார்க்கலாம். மாலையில் முட்டத்துச் செம்மண் மேட்டில் நிற்கலாம். நாள் ஒன்று, ஊர் ஐந்து விதம்.

இத்தனை சௌகரியம் இருந்தும், வெளியே போகும் நாட்களில் பாதி வீணாகிறது என்பது என் அனுபவம். தூரமோ சாலையோ அதற்குக் காரணம் இல்லை. எந்தக் கதவு எப்போது திறந்திருக்கும் என்பது யாருக்கும் முன்கூட்டித் தெரிவதில்லை.

ஒரு மலைநாட்டுப் பயணத்தை எடுத்துக்கொள்வோம். பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும், அதைப் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. திங்கட்கிழமை திறப்பதில்லை, மற்ற நாட்களில் மதியம் ஒரு மணிக்கு மேல் இடைவேளை உண்டு. அங்கிருந்து சில நிமிடத் தொலைவில் உள்ள உதயகிரிக் கோட்டை வனத்துறையின் பொறுப்பு. திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயில் அறநிலையத் துறையைச் சேர்ந்தது. 418 ஆண்டுகளுக்குப் பிறகு 2022 ஜூலையில் குடமுழுக்கு கண்டது. நண்பகலில் நடை சாத்திவிட்டால் மாலையில்தான் திறப்பார்கள். சிதறால் குன்றின் சமணச் சிற்பங்களும், கிழக்கே கடலோரம் நிற்கும் வட்டக்கோட்டையும் இந்தியத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கின்றன. அணைகள் நீர்வளத் துறையிடம், அருவிகளும் கடற்கரைகளும் அந்தந்தப் பேரூராட்சி அல்லது ஊராட்சியிடம், காட்டுக்குள் இருக்கும் காளிகேசம் மீண்டும் வனத்துறையிடம். ஒவ்வொரு துறையும் தன் கதவைத் திறப்பதிலும் சாத்துவதிலும் ஒழுங்காகத்தான் நடந்துகொள்கிறது. அதைப் பற்றி எனக்கு முறையீடு இல்லை. ஆனால் இந்தக் கதவுகள் எல்லாவற்றையும் ஒரே நாளில், ஒரே வரிசையில் தட்டிக்கொண்டு போகிறவர் காரில் போகும் பயணி. அவருக்கு இந்த நேரங்களை எல்லாம் சேர்த்துச் சொல்லும் பொறுப்பு எந்தத் துறைக்கும் இல்லை.

அனுபவத்தில் நான் கற்றுக்கொண்ட வரிசை இது: திருவட்டாறு முதலில், ஏனென்றால் நடை சாத்திவிடுவார்கள், பிறகு பக்கத்திலேயே உள்ள மாத்தூர் தொட்டிப்பாலம், வெயில் ஏறுவதற்குள், திரும்பும் வழியில் ஒரு மணிக்கு முன் அரண்மனை, சாப்பாட்டுக்குப் பின் திற்பரப்பு அருவி. வரைபடத்தைப் பார்த்து வண்டி ஓட்டுகிற வெளியூர்க்காரர் இதை நேர்மாறாகத்தான் செய்வார். அரண்மனையை ஒட்டிய தக்கலை முதலில் வருகிறது என்பதால் அங்கே போய், அங்கே நிதானமாக ஒன்றரை மணி நேரம் செலவிட்டு, திருவட்டாறு போய்ச் சேரும்போது கோயில் வாசலில் கதவைப் பார்ப்பார். படுத்திருக்கும் 22 அடிப் பெருமாளை மூன்று வாசல் வழியாகப் பார்க்க வந்தவர், மூடிய ஒரு வாசலைப் பார்த்துவிட்டுப் போவார்.

தொட்டிப்பாலமும் இப்படித்தான். 1966-இல் கட்டி முடிக்கப்பட்டது. பரளியாற்றின் பள்ளத்துக்கு மேலே 115 அடி உயரத்தில், 28 தூண்கள்மீது, ஒரு குன்றிலிருந்து மறு குன்றுக்கு வாய்க்கால் நீரைக் கொண்டுபோகும் கட்டுமானம். கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரு போக நெல் சாகுபடிக்கு அணை திறந்திருக்கும் மாதங்களில் தொட்டி நிறையத் தண்ணீர் ஓடும். அதன் பக்கத்திலேயே நடந்து போவது மறக்க முடியாத அனுபவம். அணை மூடியிருக்கும் கோடையில், பள்ளி விடுமுறை என்பதால் கூட்டம் அதிகம் வரும் அந்த மாதங்களில், தொட்டி வறண்டு கிடக்கும். என் தங்கையின் பேரன் ஒரு மே மாதம் பாலத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தொட்டிக்குள் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே நடந்துவிட்டு, "ஆச்சி, தண்ணி எங்க போச்சு?" என்று கேட்டான். பேச்சிப்பாறை அணை மூடியிருக்கிறது என்று ஆறு வயதுப் பிள்ளைக்கு விளக்கினேன். அந்த ஒரு வரி சாலையோரம் எங்காவது எழுதியிருந்தால், அன்றைய பொழுதைச் சிதறாலில் கழித்திருப்போம்.

திற்பரப்பில் இது ஏமாற்றத்தோடு நிற்பதில்லை. கோதையாற்றின் நீர்தான் அங்கே அருவியாக விழுகிறது. மேலே பேச்சிப்பாறையிலிருந்து உபரி நீர் திறந்தால் ஆறு நிறம் மாறி இரைச்சலோடு வரும், குளிக்கத் தடை விதிப்பார்கள், விதிக்கவும் வேண்டும். நாளிதழ்க் கட்டத்தில் பேச்சிப்பாறை 40 அடியைத் தாண்டிவிட்டால் அந்தப் பக்கம் போகலாமா வேண்டாமா என்று நான் வீட்டிலேயே யோசித்துக்கொள்வேன். 48 அடி அணையில் 40 அடி என்றால் என்ன அர்த்தம் என்பது எனக்குத் தெரியும். கோயம்புத்தூரிலிருந்து இரவெல்லாம் ஓட்டிக்கொண்டு வந்த குடும்பத்துக்கு எப்படித் தெரியும்? அவர்கள் துண்டையும் எண்ணெயையும் எடுத்துக்கொண்டு இறங்கிய பிறகுதான் கயிறு கட்டியிருப்பதைப் பார்க்கிறார்கள்.

எனக்கே இது நேர்ந்திருக்கிறது. எந்த இடம் என்று எழுதப்போவதில்லை. அது எந்த இடமாகவும் இருந்திருக்கலாம். மைனியின் அறுபதாம் பிறந்த நாளுக்கு இரண்டு கார்களில் பதினோரு பேர் போயிருந்தோம். வாகனக் கட்டணத்தை வாங்கிக்கொண்டு சீட்டைக் கிழித்துக் கொடுத்த இளைஞர், உள்ளே முந்தின நாள் மாலையிலிருந்தே யாரையும் இறங்க விடுவதில்லை என்பதைச் சொல்லவில்லை. திரும்பி வந்து கேட்டேன். "நீங்க கேக்கலையே அம்மா" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது; சீட்டுக் கிழிப்பது மட்டும்தான் அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை. மைனி காரிலேயே உட்கார்ந்து முந்திரிக்கொத்தைப் பிரித்து எல்லோருக்கும் கொடுத்தார்கள், பிறந்த நாள் அதோடு முடிந்தது.

கடற்கரையில் இதே குறைபாட்டின் விலை அதிகம். 2024 மே மாதம் நாகர்கோவிலில் ஒரு திருமணத்துக்கு வந்திருந்த மருத்துவ மாணவர்கள், மறுநாள் கணபதிபுரம் லெமூர் கடற்கரைக்குப் போனார்கள். அவர்களில் ஐந்து பேரை அலை கொண்டுபோயிற்று. வானம் தெளிவாக இருக்கும்போதே, காற்றும் புயலும் இல்லாமல், தூரக் கடலில் எழுந்த அலைகள் திடீரென்று கரையில் ஏறிவரும் நிலையைக் கள்ளக்கடல் என்கிறார்கள். அந்த நாட்களில் அத்தகைய கடல் குறித்த எச்சரிக்கையும் வெளியாகியிருந்தது. நம் மீனவக் கிராமங்களில் அதைக் கேட்டதும் வள்ளங்களை மேலே இழுத்து ஏற்றிவிடுவார்கள். கல்யாணத்துக்கு வந்து, மதிய ரயிலுக்கு முன் கிடைக்கும் இரண்டு மணி நேரத்தில் கடலைப் பார்த்துவிட்டு வரலாம் என்று போகிறவருக்கு அது எந்த வழியாகப் போய்ச் சேரும் என்பதே என் கேள்வி. சொத்தவிளை, சங்குத்துறை, முட்டம், தேங்காய்ப்பட்டணம் என எந்தக் கடற்கரைக்குப் போனாலும், வருடம் முழுவதும் ஒரே இடத்தில் நிற்கிற "ஆபத்தான பகுதி" என்ற பலகையை நாலாவது நாளில் யாரும் படிப்பதில்லை. இன்றைக்கு மட்டும் வைக்கப்பட்ட பலகையைத்தான் படிப்பார்கள்.

ஆகவே என் கோரிக்கை இதுதான். அணைகளின் நீர்மட்டம் நாள்தோறும் காலையில் கணக்கெடுக்கப்பட்டு, தொகுக்கப்பட்டு, நாளிதழ்களுக்குப் போய்ச் சேருகிறது. அதாவது அதற்கான ஆட்களும் பழக்கமும் ஏற்கெனவே இருக்கின்றன. அந்தப் பட்டியலுக்குக் கீழே ஐந்து வரிகள்: திற்பரப்பில் இன்று குளிக்கலாமா, தொட்டிப்பாலத்தில் தண்ணீர் ஓடுகிறதா, காட்டுப் பக்கம் இன்று அனுமதி உண்டா, கடல் இன்று எப்படி, இன்று மூடியிருக்கும் இடங்கள் எவை. இந்த ஐந்து வரிகளைத் தக்கலை, மார்த்தாண்டம், குலசேகரம், ராஜாக்கமங்கலம், மகாராஜபுரம் போன்று வண்டிகள் பிரிந்து போகும் முனைகளில், காரை ஓரங்கட்டிப் படிக்க வசதியான இடத்தில், பலகையில் எழுதி வைக்க வேண்டும். செல்பேசிச் செயலி ஒன்று தயாரிக்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். தயவுசெய்து அதிலிருந்து தொடங்க வேண்டாம். பேச்சிப்பாறைக்கு மேலே பல வளைவுகளில் சிக்னல் கிடைப்பதில்லை. மேலும், இரண்டு நாளைக்கு வருகிறவர் அதற்கென்று ஒன்றைத் தரவிறக்கிக்கொண்டிருக்க மாட்டார். டீக்கடையில் இன்றைய பலகாரம் எழுதி வைக்கும் கரும்பலகை போதும். மழைக்கு ஒரு தகரக் கூரை இருந்தால் நல்லது.

இதோடு சேர்ந்த ஒன்றும் உண்டு. எங்கள் ஊர்களுக்கு வழிகாட்டும் அம்புக்குறிப் பலகைகள் இருக்கின்றன. அவற்றின் மேல் பூப்புனித நீராட்டு விழாவும் கண்ணீர் அஞ்சலியும் கட்டியிருக்கிறார்கள். திருவட்டாறு திரும்பும் இடத்தில் ஒரு மாதம் முழுவதும் திருவட்டாற்றுக்குப் பதிலாக ஒரு மாப்பிள்ளையின் முகம் இருந்தது. நல்ல களையான பையன், ஆனால் வழி தெரியவில்லை. பிளெக்ஸ் அகற்றும் பணி யாருடையது என்று ஏற்கெனவே விதி இருக்கும். அம்புக்குறிப் பலகைகளிலிருந்து மட்டுமாவது அதை முதலில் நடைமுறைப்படுத்தலாம். வழி தவறிய கார், ஒற்றை வண்டி போகும் அகலமே உள்ள ரப்பர் தோட்டச் சாலையில், எதிரே கல் ஏற்றி வரும் டாரஸ் லாரியைச் சந்திக்கும்போது பின்னால் எடுப்பது எவ்வளவு சிரமம் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

கழிப்பறையைப் பற்றித் தனி மடலே எழுதலாம். இங்கே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் அழைத்துப் போகும் வயதான பெண்கள், காலையில் புறப்படும்போதே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். போகும் இடத்தில் கழிப்பறை இருக்குமா, இருந்தால் திறந்திருக்குமா, திறந்திருந்தால் தண்ணீர் வருமா என்று தெரியாததுதான் காரணம். மேலே சொன்ன பலகையிலேயே, அடுத்த சுத்தமான கழிப்பறை எத்தனை கிலோமீட்டரில் உள்ளது என்பதையும் எழுதிவிட்டால், அவர்கள் இரண்டு மடக்குத் தண்ணீர் குடிப்பார்கள்.

இது நடக்கக்கூடிய காரியமா என்று ஐயப்பட வேண்டியதில்லை. வருடத்தில் ஒரு நாள் இது நம் மாவட்டத்திலேயே நடக்கிறது. சிவராத்திரியை ஒட்டிச் சிவாலய ஓட்டம் ஓடுகிறவர்கள், முஞ்சிறைத் திருமலையில் தொடங்கி, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை என்று பன்னிரண்டு சிவன் கோயில்களையும் தொட்டு, திருநட்டாலத்தில் முடிக்கிறார்கள். நூறு கிலோமீட்டருக்கு மேல் உள்ள தூரத்தை, காவித்துணியும் கையில் ஒரு ஓலை விசிறியுமாக, "கோவிந்தா, கோபாலா" என்று கூப்பிட்டுக்கொண்டு ஒரு பகலும் ஓர் இரவுமாக ஓடுகிறார்கள். இப்போது பாதிப் பேர் காரிலும் பைக்கிலும் போகிறார்கள் என்பதும் உண்மைதான். அந்த நாளில் எல்லாக் கோயில் நடையும் அவர்களுக்காகத் திறந்திருக்கும். எந்த முக்கில் திரும்ப வேண்டும் என்று வழிநெடுகச் சொல்வார்கள். சுக்கு நீரும் கஞ்சியும் சாலையோரத்தில் காத்திருக்கும். இந்த மாவட்டத்தின் முதல் ஒரு நாள் சுற்றுலா அதுதான் என்று நான் சொல்வதுண்டு. பக்தர் அல்லாதவருக்கும், மற்ற 364 நாட்களிலும், அதில் பத்தில் ஒரு பங்கு அக்கறை கிடைத்தால் போதும்.

கண்ணாடிப் பாலத்தைப் பற்றிக் கேட்பார்கள் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். விவேகானந்தர் பாறையையும் 133 அடி வள்ளுவர் சிலையையும் இணைத்து 2024 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட 77 மீட்டர் பாலத்தில் நானும் நடந்தேன். கால் கூசியது, பிடித்திருந்தது. ஆனால் குமரிமுனையில் புதிதாக ஒன்று சேரும்போதெல்லாம், வருகிறவர்கள் அங்கேயே இன்னும் இரண்டு மணி நேரம் நிற்கிறார்கள். உள்நாட்டுக்கு வருகிற நேரம் அந்த அளவுக்குக் குறைகிறது. உள்நாட்டில் புதிதாக எதையும் கட்டச் சொல்லி நான் கேட்கவில்லை. இருப்பவற்றை ஒன்றோடொன்று கோத்துச் சொன்னால் போதும். ஓர் எடுத்துக்காட்டு: 1741-இல் குளச்சல் கடற்கரையில் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் தோற்றுப் பிடிபட்ட டச்சுத் தளபதி டி லனாய், பிறகு அதே அரசரிடம் ஊழியம் ஏற்று, உதயகிரியில் பீரங்கி வார்ப்பித்து, வட்டக்கோட்டையைத் திருத்திக் கட்டி, 1777-இல் இறந்து உதயகிரிக் கோட்டைக்குள்ளேயே அடங்கினார், அவருடைய கல்லறைக் கல்லில் லத்தீனோடு தமிழும் இருக்கிறது. குளச்சலின் வெற்றித் தூண், பத்மநாபபுரம், உதயகிரி, வட்டக்கோட்டை ஆகிய நான்கையும் ஒரே நாளில் காரில் பார்த்துவிடலாம். மேற்குக் கடலில் தொடங்கி, உள்ளே நுழைந்து, கிழக்குக் கடலில் முடியும் ஒரு முழு வாழ்க்கை அது. இப்போது ஒவ்வோர் இடத்திலும் அந்த இடத்தின் பலகை மட்டும் இருக்கிறது. குளச்சலில் தூணைப் பார்த்தவருக்கு, தோற்றவரின் கல்லறை அரை மணி நேரத் தொலைவில் உள்ளது என்று ஒரு வரி சொன்னால் அவர் நிச்சயம் வண்டியைத் திருப்புவார்.

வருகிறவர்கள் உள்ளே வந்தால் யாருக்கு லாபம் என்பதும் எண்ணிப் பார்க்கத்தக்கது. முனையில் நிற்கிறவர் சங்கு வாங்குவார், படகுச் சீட்டு வாங்குவார். உள்ளே வருகிறவர் ஆற்றூரில் நிறுத்தி மட்டிப்பழம் ஒரு சீப்பு வாங்குவார், குலசேகரத்தில் மரச்சீனியும் மீன் குழம்பும் சாப்பிடுவார், வழியில் பனங்கருப்பட்டி கேட்பார். மட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைப் படித்துவிட்டு அதைத் தேடி வந்தவர்களையே நான் பார்த்திருக்கிறேன். மட்டிக்குலை தொங்கும் கடை எந்தச் சாலையில் இருக்கிறது என்று தெரியாமல், பேருந்து நிலையத்தில் வேறு ஏதோ பழத்தை வாங்கிக்கொண்டு போனார்கள்.

அடுத்த ஜூன் மாதம் அணை திறக்கும்போது முதல் பலகையை வைத்துப் பார்க்கலாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஐந்து முனைகளிலும் ஒரே நேரத்தில் முடியாவிட்டால் தக்கலையில் மட்டும் வையுங்கள். சனி, ஞாயிறுகளில் எழுத ஆள் இல்லை என்று பதில் வந்தால், அந்த இரண்டு நாட்களுக்கும் நான் வருகிறேன். காலை ஆறரை மணிக்குள் யாராவது நிலவரத்தைத் தொலைபேசியில் சொன்னால் போதும். முப்பத்து நான்கு வருடம் வங்கிப் பேரேட்டில் எழுதிய கை, தூரத்திலிருந்தும் படிக்கும்படி எழுதுவேன். சுண்ணாம்புக்கட்டியும் நானே கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
நாகர்கோவில்வாசி ஒருத்தி